ஒரே நீலம், ஒரே வெள்ளை, ஏன்?

கேள்வி: ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகராகுவா கொடியெல்லாம் நீலம்-வெள்ளை-நீலம்னு ஒரே மாதிரி இருக்கே, மேட்ச் பார்க்கும்போது குழம்புது, ஏன் சார் இப்படி?

பதில்: மத்திய அமெரிக்காவுல இருக்கிற இதெல்லாம் ஒரு காலத்துல ஒரே நாடுங்க! ஸ்பெயின்கிட்ட இருந்து 1821-ல விடுதலையாகி, 1823-ல குவாதமாலா, கோஸ்டா ரிகாவையும் சேர்த்து அஞ்சு பேரும் ஒரே கூட்டாட்சியா இருந்தாங்க, அப்போ வச்ச கொடிதான் இந்த நீலம்-வெள்ளை-நீலம், ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நிலம்னு அர்த்தம் சொல்வாங்க. கூட்டாட்சி கொஞ்ச வருஷத்துலயே உடைஞ்சுபோச்சு, ஆனா கலரை யாரும் முழுசா விடல.

எனக்கு மனசைத் தொடுறது ஹோண்டுராஸ் கொடிதான். நடுவுல இருக்கிற அஞ்சு ஸ்டாரும் அந்த அஞ்சு நாடுங்க, திரும்ப ஒண்ணா சேரணும்ங்கிற ஆசையை 1866-லயே கொடியில போட்டுட்டாங்க, இன்னிக்கும் அது அப்படியே பறக்குது பாருங்க.

எல் சால்வடார், நிகராகுவா ரெண்டுலயும் முக்கோணத்துக்குள்ள அஞ்சு எரிமலை, மேல வானவில், அதனாலதான் குழப்பமே. சுத்தி பச்சை இலை வளையம் இருந்தா எல் சால்வடார், அவ்ளோதான். குவாதமாலால கோடு செங்குத்தா இருக்கும், நடுவுல கெட்சால் பறவை, அது அவங்களுக்கு சுதந்திரத்தோட அடையாளம். கோஸ்டா ரிகா 1848-ல நடுவுல சிவப்பு சேர்த்துட்டதால ஈஸியா தெரிஞ்சிடும்.