எந்தப் பக்கம்?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் 'மட் ஸ்லைட் ஸ்லிம்' ஆல்பத்தைச் சமீபத்தில்தான் கேட்டேன். இதமாக இருக்கிறது. இது டெய்லரின் திறமையா, பக்கவாத்தியக்காரர்களின் தயவா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பக்கவாத்தியமா? யாருக்கு யார் பக்கம், அதை முதலில் சொல்லுங்கள். 1971 கோடையில் இந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடத்தில் 15 வாரம் நகராமல் உட்கார்ந்திருந்தது பாடகி கரோல் கிங்கின் 'டேப்பஸ்ட்ரி'. அதில் கிடார் வாசித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா, நம்ம ஜேம்ஸ் டெய்லர். தன்னை முந்திய தட்டில் தானே பக்கவாத்தியம்! கரோல் கிங்கும் சும்மா இல்லை, டெய்லரின் தட்டில் பியானோ வாசித்திருக்கிறார். டிரம்ஸ் ரஸ் கங்கல், கிடார் டேனி கார்ச்மர், இவர்கள் இரண்டு தட்டிலும் உண்டு. 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' பாட்டும் இரண்டிலும் உண்டு. எழுதியவர் கரோல், தனிப்பாட்டாக முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் டெய்லர். போதாததற்கு, கார்ச்மர் எழுதிய ஒரு பாட்டையும் டெய்லர் இந்த ஆல்பத்தில் பாடியிருக்கிறார்.

தயவு என்றும் கேட்டீர்கள். டெய்லர் 1968இல் வேலை தேடி லண்டனில் சுற்றியபோது, பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தில் இருந்த பீட்டர் ஆஷரின் போன் நம்பரைக் கொடுத்தது இதே கார்ச்மர்தான். ஆஷர் அதற்கு முன் பாடகராக அமெரிக்காவைச் சுற்றி வந்தபோது அவருக்குப் பின்னால் நின்று கார்ச்மர் வாசித்த பழக்கம். அந்த நம்பர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆஷர் டெய்லரின் தயாரிப்பாளர் ஆனார். வாசித்தவர்களின் பெயரைத் தட்டின் உறையில் ஒழுங்காகப் போட்டார். அதுவரை லாஸ் ஏஞ்சலஸில் ஹால் பிளெய்ன், கரோல் கே போன்றவர்கள் ஹிட்டுக்கு மேல் ஹிட்டாக வாசித்துத் தள்ளுவார்கள், உறையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பெயர் இருக்காது. இன்றைக்குத் திருப்பிப் பார்க்க உறையே இல்லை. செல்போனில் பாட்டு வருகிறது, பாடகரின் முகம் வருகிறது, டிரம்ஸ் யார் என்று தேடுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. இதைப் பற்றி நான் புலம்புவது இந்தப் பக்கத்தில் எத்தனையாவது தடவை என்று எங்கள் உதவி ஆசிரியர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும்.

சரி, ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். லீலண்ட் ஸ்க்ளார், இந்த ஆல்பத்தில் பேஸ் கிடார். பிற்காலப் படங்களில் தொப்புளைத் தொடப்பார்க்கும் தாடி இருக்கும், அவர்தான். டெய்லர் மூச்சு வாங்கும் இடத்தில் இவருடைய பேஸ் ஒரு எட்டு முன்னால் வந்து ஒரு வார்த்தை பேசும், அவர் வாயைத் திறந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். இவருடைய கிடாரில் ஒரு சுவிட்ச் உண்டு, பெயர் 'புரொட்யூசர் சுவிட்ச்'. தயாரிப்பாளர் வந்து "சவுண்டு கொஞ்சம் வேற மாதிரி வேணுமே" என்றால், அவர் கண்ணில் படும்படி அதைத் தட்டிவிட்டு, விரலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி வாசிப்பார். தயாரிப்பாளருக்குப் பரம திருப்தி. அந்த சுவிட்சிலிருந்து ஒரு ஒயர்கூட எங்கும் போகவில்லை.

இதைப் படித்ததிலிருந்து எனக்கும் மேஜையில் ஒன்று பொருத்த ஆசை. முதலாளி வந்து "தலையங்கத்துல காரம் பத்தலையே" என்பார், டக்கென்று ஒரு தட்டு. ஆனால் எங்கள் லேஅவுட் ஆர்ட்டிஸ்ட் முந்திக்கொண்டார் என்று சந்தேகம். மூன்று இதழாக "தலைப்பைக் கொஞ்சம் பெரிசாக்குப்பா" என்கிறேன், அவரும் மவுஸை இரண்டு முறை கிளிக்கிவிட்டு "இப்ப பாருங்க சார்" என்கிறார், நானும் "ஆங், இது!" என்று சொல்லிவிட்டு வருகிறேன். நேற்று மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்து பார்த்தேன்.