அம்மாவோட தையல் கரைஞ்சுது, கப் ஏன் கரையல?

வணக்கம் சார். பொங்கல் சமயத்துல ஒரு கடையில ஜூஸ் வாங்கினப்ப குடுத்த கப்புல "சோளத்தில் செய்தது, மக்கும்"னு போட்டிருந்துச்சு. ஆசையா கொண்டுவந்து மாடியில பூந்தொட்டியில புதைச்சேன். ஆடி முடிஞ்சு தோண்டிப் பாத்தா கழுவி வச்ச மாதிரி அப்படியே இருக்கு. நடுவுல அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். உள்ள போட்ட தையல் தானா கரைஞ்சிடும், அதுவும் பிளாஸ்டிக்தான், சோளக் கப்போட சொந்தக்காரன்னு டாக்டர் சொன்னாரு. அது கரையும், இது கரையாதுன்னா கப்ல எழுதியிருக்கறது பொய்தானே? அந்த கப்பை இப்ப என்ன பண்றது?
சுமதி, கோயம்புத்தூர்

அன்புள்ள சுமதி,

டாக்டர் சொன்னது சரி. கப்ல எழுதினதும் பொய் இல்ல, ஆனா எங்க மக்கும், எத்தனை டிகிரியில மக்கும்ங்கறதை எழுதாம விட்டுட்டாங்க, அதுலதான் விஷயமே இருக்கு.

உங்க கப் அனேகமா பிஎல்ஏ, அதாவது பாலிலாக்டிக் ஆசிட். தயிர்ல புளிப்பு தர்ற அதே லாக்டிக் ஆசிடை சங்கிலியா கோத்தது. சோளமோ கரும்போ, அதோட சர்க்கரையை பாக்டீரியாவுக்கு குடுத்து புளிக்க வச்சு எடுப்பாங்க. 1930கள்லயே அமெரிக்காவோட டூபான்ட் கம்பெனியில கரோதர்ஸ், அதான் நைலான் கண்டுபிடிச்சவர், இதைத் தொட்டுப் பாத்திருக்காரு. ஆனா பெரிய ஃபேக்டரி வந்தது 2002ல, அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல.

இந்த சங்கிலியை முதல்ல அறுக்கறது பாக்டீரியா இல்ல, தண்ணி. கண்ணி கண்ணியா தண்ணி வெட்டி, துண்டுகள் நல்லா சின்னதானதுக்கு அப்புறம்தான் நுண்ணுயிர் வந்து சாப்பிடும். சிக்கல் என்னன்னா பிஎல்ஏ கிட்டத்தட்ட 60 டிகிரிக்கு கீழ இறுகிப்போய் நிக்கும், வெல்லப்பாகு ஆறினா கமர்கட்டா ஆகுதே அந்த மாதிரி, சங்கிலிங்க அசையாது, தண்ணி உள்ள போய் வெட்டறது ரொம்ப ரொம்ப மெதுவாயிடும். கோயம்புத்தூர் மாடித் தொட்டி எவ்வளவு சுட்டாலும் உள்ள மண்ணு நாள் கணக்கா 60ல நிக்கப்போறதில்ல. பெரிய உரக்கூடத்துல மலை மாதிரி குவிச்ச குப்பை நுண்ணுயிரோட சொந்த சூட்டுலயே அந்த அளவுக்குப் போகும். மக்கும் பிளாஸ்டிக்குக்கு சர்டிஃபிகேட் குடுக்கற ஐஎஸ்ஓ 17088 டெஸ்ட்டும் அந்த உரக்கூடத்தை மனசுல வச்சுதான், 58 டிகிரி சூட்டுல 180 நாளைக்குள்ள பிளாஸ்டிக்ல இருக்கற கார்பன்ல 90 சதவீதம் கார்பன் டையாக்சைடா மாறணும்னு கேக்குது. ஆக பாஸான மாணவன்தான் உங்க கப், பரீட்சை நடந்த இடம்தான் வேற.

சரி, உடம்பு 37 டிகிரிதானே, தையல் மட்டும் எப்படி கரையுதுன்னு அடுத்து கேப்பீங்க. அதிகமா பயன்படற தையல் நூல் ஒண்ணுல பத்துக்கு ஒன்பது பங்கு கிளைகோலிக் ஆசிட், ஒரு பங்குதான் லாக்டிக். லாக்டிக்ல மீத்தைல்னு ஒரு சின்ன கொக்கி கூடுதலா இருக்கும், அது தண்ணியை கிட்ட சேர்க்காது. கிளைகோலிக்ல அது கிடையாது, தண்ணி தாராளமா பூந்துடும். மூணு வாரத்துல நூலோட பலம் பாதியாகும், அதுக்குள்ள காயம் சேந்திருக்கும், 56லேர்ந்து 70 நாளுக்குள்ள நூலே காணாமப் போயிடும். ரெண்டையும் சரிபாதியா கலந்தா இன்னும் வேகம், ஒண்ணு ரெண்டு மாசத்துல கரையற உருண்டை கிடைக்கும். அந்த மாதிரி கலவை உருண்டைக்குள்ள மருந்தை அடைச்சு மாசத்துக்கு ஒரே ஊசின்னு புராஸ்டேட் கேன்சருக்கு 1989லயே கொண்டுவந்துட்டாங்க. எனக்கு இந்தத் துறையில ரொம்ப பிடிச்சது இதுதான், ஒரு பொருள் எத்தனை நாள் இருக்கணும்னு சமையல் குறிப்புலயே எழுதிட முடியுது.

எப்பவும் சரியா வருதான்னா இல்ல. இதய ரத்தக்குழாய்ல வைக்கற ஸ்டென்ட்டை அபாட் கம்பெனி முழுசா பிஎல்ஏலயே செஞ்சுச்சு, மூணு வருஷத்துல கரைஞ்சு போயிடும்னு. 2016ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, 2017லயே விற்பனையை நிறுத்திட்டாங்க. உலோகம் அளவுக்கு பலம் வராததால கம்பியை தடிமனா செய்ய வேண்டியிருந்தது, உலோக ஸ்டென்ட்டை விட ரத்தம் கட்டறது அதிகமா இருந்தது. கரையணும், அதுவரைக்கும் தாங்கவும் தாங்கணும், இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டே இருக்கும்.

கப்புக்கும் ஆராய்ச்சி நடக்குது. அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டியில டிங் ஷூங்கறவங்களோட குழு, பிளாஸ்டிக்கை அறுக்கற என்சைமை பிளாஸ்டிக்குக்குள்ளயே பொதிச்சு வச்சுட்டாங்க. 50 டிகிரி ஈர உரத்துல ஆறு நாள்ல பிஎல்ஏ கரைஞ்சுதுன்னு 2021ல வெளியிட்டாங்க. நல்ல வேலை. ஆனாலும் 50 டிகிரி பாருங்க, உங்க தொட்டிக்கு இன்னும் எட்டல.

எனக்கு கோபம் கெமிஸ்ட்ரி மேல இல்ல. உ.பி.யில ஒரு சர்க்கரை கம்பெனி கரும்புலேர்ந்து பிஎல்ஏ எடுக்க பெரிய ஃபேக்டரி கட்ட ஆரம்பிச்சிருக்கு, சந்தோஷம். கப்பு வந்துடும், அதைத் தனியா பிரிச்சு வாங்கி 58 டிகிரியில மக்க வைக்கற கூடம் எத்தனை ஊர்ல இருக்கு? அது இல்லாத ஊர்ல "மக்கும்"னு அச்சடிச்சு அஞ்சு ரூபா கூட வாங்கறதை விளம்பரம்னுதான் நான் சொல்லுவேன்.

இப்ப உங்க கப். பழைய பேப்பர்காரர்கிட்ட தண்ணி பாட்டிலோட கலந்து போட்டுடாதீங்க. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா பாட்டிலை உருக்கற 260, 270 டிகிரியில இது சிதைஞ்சு மஞ்சளாகி அந்த லாட்டையே கெடுத்துடும். சூடா டீ, காபியும் வேண்டாம், 60 தாண்டினா தொளதொளன்னு ஆயிடும். மாநகராட்சி உரக்கூடத்துல எடுத்துப்பாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க, பிளாஸ்டிக்னு பொறுக்கிப் போட்டுடுவாங்கன்னுதான் நினைக்கிறேன். அப்படின்னா அடியில நாலு ஓட்டை போட்டு கத்திரி நாத்து விடுங்க, மண்ணுக்குள்ள கரையாததுதானே, ரெண்டு மூணு சீசன் தாங்கும்.