அரத்தை எடுக்கும் முன் சோப்புத் தண்ணீர்

(பினாங்கில் பல வருடமாக மோட்டார் கடை நடத்தும் மெக்கானிக், வாசகர்களின் சைக்கிள் இன்ஜின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

பாலிக் பூலாவிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, தாத்தா விட்டுப்போன டுரியான் தோப்புக்குள் ஓட்டுவதற்காக என் சைக்கிளில் 80 சிசி இன்ஜின் செட் ஒன்றைப் பொருத்தினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது பழக்கூடையோடு மேட்டில் பாதி ஏறியதும் திணறுகிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் தானாகக் கத்துகிறது. சிலிண்டர் துளைகளை அரம் போட்டுப் பெரிதாக்கி, வயிறு பெருத்த எக்சாஸ்ட் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். செய்யட்டுமா?

பதில்: தம்பி, அரத்தைக் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வைத்திருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. இன்ஜினில் எங்கேயோ காற்று ஒழுகுகிறது.

முதலில் ஒரு விஷயம். 80 சிசி என்று விற்கிறார்களே, அந்த சிலிண்டரின் உள் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். இதிலிருந்து அதற்குமேல் கறக்க நினைத்தால் வேறு ஏதாவது ஒன்றை இழக்க வேண்டியிருக்கும். எக்சாஸ்ட் துளையை மேல்பக்கமாக அரம் போட்டால் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் பலம் வரும், மெதுவாக இழுக்கும் பலம் குறையும். வயிறு பெருத்த எக்சாஸ்டும் அப்படித்தான். அதற்குள் போகும் புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே தப்பப் பார்க்கும் புதுப் பெட்ரோலை சிலிண்டருக்குள் தள்ளுவது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்தான். கூடையோடு மேடு ஏறும் உங்களுக்கு வேண்டியது கீழ் வேகத்து இழுப்பு. நண்பன் சொல்வது அதைத்தான் எடுத்துவிடும். அரம் தின்ற உலோகத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

இப்போது ஒழுகலுக்கு வருகிறேன். இந்த இன்ஜினுக்குப் பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்தே, காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வழியாகத்தான் வரும். வேறு ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் பெட்ரோலின் பங்கு குறைந்து சூடு ஏறும். கூடவே எண்ணெயும் குறைகிறது. அந்த நிலையில் மேடு ஏற்றினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பத்தொன்பது வயதில் இது நடந்தது. ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மேட்டில், சத்தம் ஏறுகிறதே என்று சந்தோஷமாக முறுக்கினேன். இன்ஜின் கவ்வி, பின் சக்கரம் அப்படியே நின்றது. கிளட்சைப் பிடிக்கக்கூட நேரமில்லை. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கழற்றிப் பார்த்தால், எக்சாஸ்ட் பக்கம் பிஸ்டன் முழுக்கப் பூனை பிராண்டியது மாதிரி கோடுகள். காரணம், கார்புரேட்டர் குழாயில் இருந்த கேஸ்கெட்டில் (இணைப்பில் காற்று ஒழுகாமல் இருக்க நடுவே வைக்கும் மெல்லிய அடைப்பு) ஒரு கிழிசல், நகக்கண் அளவுதான்.

அதனால் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலந்து, ஒரு பழைய பெயிண்ட் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கார்புரேட்டர் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் தடவுங்கள். நுரை உள்ளே இழுபட்டால், அல்லது சத்தம் சட்டென்று மாறினால், ஒழுகல் அங்கேதான். கார்புரேட்டர் அந்தக் குழாயில் செருகும் வாயிலும் தடவுங்கள். அங்கே பிளவு விட்டு ஒரு கிளாம்ப்தான் இறுக்குகிறது. உள்ளே குழாய் நுனியில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டால் பிடிப்பாக இருக்கும். அப்புறம் சிலிண்டர் தலையைச் சுற்றித் தடவுங்கள். இங்கே காற்று வெளியே தள்ளும், குமிழ் வரும். சக்கரம் சுற்றும் பக்கம் விரலையும் சட்டை நுனியையும் கொண்டு போகாதீர்கள்.

தலையில் ஒழுகினால் புது கேஸ்கெட் மட்டும் போட்டு மூடாதீர்கள், அடுத்த வாரமே திரும்ப வரும். நான் செய்வது இது: மேசையில் தடித்த கண்ணாடித் துண்டு, அதன் மேல் 400 நம்பர் உப்புத்தாள், கொஞ்சம் தண்ணீர். தலையைக் கவிழ்த்து, 8 எழுதுவது போல மெதுவாகத் தேய்ப்பேன். அழுத்தவே கூடாது, தலையின் கனமே போதும். பத்து சுற்றுக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்தால், மேடான இடம் பளிச்சென்று தெரியும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். கறுப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கம் அழுத்தினால் சரிவு விழும். பிறகு கழுவித் துடைத்து, நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, மூன்று தடவையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். ஒற்றைப் பிஸ்டன் நடுக்கத்தில் நட்டு தளரத்தான் செய்யும்.

எல்லாம் அடைத்த பிறகும் ஏதாவது மாற்றியே ஆக வேண்டும் என்று கை அரித்தால், செட்டோடு வந்த காகித கேஸ்கெட்டைத் துளையோடு பொருத்திப் பாருங்கள். காகிதம் துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் வெட்டிச் சரி செய்யுங்கள். காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் அதுதான்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி: மகன் இந்த மாதிரி சைக்கிளுக்கு மினியாக் ஈத்தாம் (மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஆயில்) ஊற்றலாம் என்கிறான். 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய்தான் வேண்டும் என்கிறார் என் அண்ணன். எது சரி? எவ்வளவு?

பதில்: அண்ணன் சொல்வதே சரி, அம்மா. கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் மினியாக் ஈத்தாம் இன்ஜினுக்குள்ளேயே தங்கி வேலை செய்கிற எண்ணெய். இது பெட்ரோலோடு கலந்து எரிய வேண்டியது, அதற்கென்றே செய்தது 2டி. புது இன்ஜினுக்கு முதல் இரண்டு மூன்று டாங்க் வரை ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி. அப்புறம் 40 மில்லி போதும். கண் அளவு வேண்டாம், இருமல் மருந்து அளக்கும் சின்னக் கப் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்குத் திரும்ப எடுக்காதீர்கள். நிறைய ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைத்து அதிகம் கலந்தால், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, பிளக்கும் கரி பிடிக்கும். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு மாணவர்: பின் பல்சக்கரம் 44 பல். 36 போட்டால் எவ்வளவு வேகம் கூடும்? காலேஜுக்கு இதிலேயே போகலாமா?

பதில்: 26 இஞ்ச் சக்கரத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றும்போது 44 பல்லில் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். 36 பல்லில் 42. மேடு ஏறும் இழுப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

காலேஜுக்குக் கொண்டு போகாதீர்கள், தம்பி. பெடல் இருந்தாலும் இன்ஜின் பொருத்தியதும் அது வெறும் சைக்கிள் இல்லை. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சாலையில் ஓடும் மோட்டார் வாகனத்துக்குப் பதிவு, சாலை வரி, காப்புறுதி எல்லாம் வேண்டும். வீட்டில் பொருத்தியதற்கு அது எதுவும் இருக்காது. லோரிகளுக்கு நடுவே ஒன்று நடந்தால் உங்களுக்கும் அடிபட்டவருக்கும் கைகொடுக்க யாருமில்லை. சொந்த நிலம், தோப்பு, அதோடு சரி. அங்கே ஓட்டுவதானாலும் பல்சக்கரத்தைத் தொடுமுன் செயின் இறுக்கும் உருளையை ஆட்டிப் பாருங்கள். அது தளர்ந்து கம்பிகளுக்குள் சாய்ந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக் கட்டையும் சைக்கிளுக்கென்று வந்த பழசாகத்தான் இருக்கும். இந்த வாரம் அதை மாற்றுங்கள், 36 பல் அடுத்த மாதம் ஆகட்டும்.