குணமும் உடலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நாக்கில் எலுமிச்சைச் சாறு விட்டு ஒருவர் உள்முக சுபாவியா, கலகலப்பானவரா என்று கண்டுபிடிக்கலாமாமே? அறிவியல் கண்காட்சியில் மாணவர்களைச் செய்யச் சொல்லலாமா?
(ஆசிரியை, திண்டுக்கல்)

தாராளமாகச் செய்யலாம். 1960-களிலிருந்தே செய்யப்படும் சோதனைதான். உள்முக சுபாவிகளின் மூளையில் விழிப்பைத் தூண்டும் நரம்புப் பின்னல் எளிதில் கிளர்ந்துவிடும் என்பது உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் முன்வைத்த கருத்து. அப்படியானால் அதே புளிப்புக்கு அவர்களுக்கு எச்சில் கூடுதலாக ஊற வேண்டும்.

இருமுனைப் பஞ்சுக்குச்சி ஒன்றின் நடுவில் நூலைக் கட்டுங்கள். தூக்கிப் பிடித்தால் சமமாக நிற்க வேண்டும். எச்சிலை மூன்று முறை விழுங்கச் சொல்லி, ஒரு முனையை நாக்கில் 20 விநாடி வையுங்கள். பிறகு நாக்கில் 4 சொட்டுச் சாறு விட்டு, விழுங்கியதும் மறு முனையை அதே இடத்தில் 20 விநாடி வையுங்கள். நூலைப் பிடித்துத் தூக்கினால் இரண்டாவது முனை தாழும்.

சிக்கல் அங்கேதான். புளிப்புக்கு ஏறக்குறைய எல்லோருக்குமே எச்சில் ஊறும், குச்சியும் சாயும். சாய்ந்ததை வைத்து "இவன் உள்முகம்" என்று முத்திரை குத்த முடியாது. எவ்வளவு கூடியது என்பதை அளக்க வேண்டும். நூலை விட்டுவிட்டு, முனைக்கு ஒரு குச்சியாக இரண்டு எடுத்து, நனைவதற்கு முன்னும் பின்னும் நகைக்கடைத் தராசில் மில்லிகிராம் கணக்கில் நிறுங்கள். சாறு அப்போதே பிழிந்ததாக, எல்லோருக்கும் ஒரே பழத்திலிருந்து இருக்கட்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒவ்வாமை மாத்திரை எடுப்பவர்களுக்கு வாய் வறண்டிருக்கும், அவர்களைச் சேர்க்காதீர்கள். சாற்றை விழுங்காமல் குச்சியை வைத்தால் எச்சிலோடு சாறும் சேர்ந்து எடை ஏறிவிடும்.

முப்பது பேரின் கணக்கை வரைபடமாகப் போட்டால் ஒரு போக்கு தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஒரே ஒரு மாணவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இதையும் அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து என் மகனின் குணம், ஏற்ற படிப்பு எல்லாம் சொல்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், ஈரோடு)

வேண்டாம். ரேகை, கரு 10 முதல் 17 வாரம் வரை வளரும்போது உருவாகிறது. தோலும் மூளையும் ஒரே கருப்படலத்திலிருந்து வருகின்றன என்பதுதான் விற்பவர்களின் வாதம். அது உண்மைதான். ஆனால் முடியும் நகமும் பல் எனாமலும்கூட அதே படலத்திலிருந்து வந்தவைதான்! ஒரே மரபணுவுள்ள இரட்டையருக்கே ரேகை வேறுவேறு. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது.

கேள்வி: ரத்த வகைக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டா?
(வாசகி, நாகர்கோவில்)

இல்லை. ஜப்பானில் பரவலான நம்பிக்கை அது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவின் முன்கோபம் எனக்கும் வந்துவிடுமா? குணத்தில் பாதி பரம்பரை என்கிறார்களே.
(வாசகர், தஞ்சாவூர்)

அந்தப் "பாதி" எப்படி வந்தது என்று பாருங்கள். குணக் கேள்வித்தாளில் ஒரே கரு இரட்டையரின் ஒற்றுமை (முழு ஒற்றுமை என்றால் 1) 0.5-க்கு அருகில், இரு கரு இரட்டையருடையது 0.25-க்கு அருகில் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கரு இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று, இரு கரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. அதனால் வித்தியாசத்தை இரண்டால் பெருக்கினால் 0.5, அதாவது 50 சதவீதம். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணுவால் என்பதற்கான கணக்கு அது. உங்கள் கோபத்தில் பாதி அப்பா கொடுத்தது என்று அர்த்தமில்லை.

"கோப ஜீன்" என்று ஒன்றைத் தேடவும் வேண்டாம். 1996-ல், மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களான டோபமைன், செரோடோனின் சார்ந்த இரு மரபணுக்கள் குணத்தோடு தொடர்புடையவை என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. டி.என்.ஏ.வின் ஏராளமான இடங்கள், ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் பங்களிக்கின்றன.

அப்பா விஷயத்தில் வேறொன்று கேட்க வேண்டும். கோபம் வாலிபத்திலிருந்தே இருக்கிறதா, ஐம்பதுக்கு மேல் சில மாதங்களில் திடீரென்று வந்ததா? பின்னதென்றால் சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தலையில் அடிபட்டதுண்டா என்று விசாரியுங்கள். கூச்சமின்றிப் பேசுவது, பணத்தை வாரியிறைப்பது போன்றவையும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூளையின் முன்மடல் தேய்வு ஞாபக மறதிக்கு முன்பே இப்படித் தலைகாட்டுவதுண்டு.