ஏ மைனர் வாசித்தாலும் சி மேஜர் மாதிரியே கேட்கிறதே, ஏன்?

கேள்வியில் "சி மேஜர் சரளமாக வருகிறது, ஏ மைனருக்கும் அதே ஸ்வரங்கள்தான் என்கிறார்கள், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, இதில் மைனர் மூன்று வகை வேறா?" என்று நொந்திருக்கிறீர்கள். யூடியூப் பார்த்துத் தனியாகப் பழகுகிறீர்கள் போல. நான் மாஸ்டர் வைத்துக் கற்றும் இதே கதிதான்.

38 வயதில் கிட்டாரைத் தொட்டேன். மாஸ்டர் தங்கமான மனுஷர், குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் இருந்ததெல்லாம் ஃப்ரெட் எண்கள், அதாவது கிட்டார் கழுத்தில் விரல் வைக்கும் கட்டங்கள். ஆறாம் கம்பியில் 5, 7, 8. ஐந்தாம் கம்பியில் 5, 7, 8. நாலாம் கம்பியில் 5, 7. வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து எட்டு மாதம் ஏறி இறங்கினேன். விரல் நுனி காய்த்ததே தவிர, காதில் ஒன்றும் ஏறவில்லை.

ஒருநாள் ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே, "நடபைரவியப் போட்டு ஏன்டா இந்தப் பாடு படுத்துற? சுருதி எங்க?" என்றார். நடபைரவி என்றது நான் வாசித்த சாதாரண மைனரை, அதாவது நேச்சுரல் மைனரை. கை கழுவிவிட்டு வந்து, ஆதார ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் தன் சுருதிப் பெட்டியை ஆறு கட்டைக்கு ஏற்றி என் பக்கத்தில் வைத்தார். ஆறு கட்டை என்றால் நம் ஏ. அதே ஐந்தாம் ஃப்ரெட், அதே விரல். எஃப் வந்தபோது முதல் முறையாக நெஞ்சு ஒரு மாதிரி ஆனது. அதுவரை என் காது 'ஸ'வை, அதாவது ஆதார ஸ்வரத்தை, சி-யிலேயே வைத்திருந்திருக்கிறது!

"நிஷாதத்த மட்டும் ஏத்து" என்றார் அத்தை. நிஷாதம் என்றால் ஏழாவது ஸ்வரம். நாலாம் கம்பியில் ஐந்துக்குப் பதில் ஆறாம் ஃப்ரெட், அதாவது ஜி ஷார்ப். ஹார்மோனிக் மைனர், அத்தைக்குக் கீரவாணி. ஆறாவது ஸ்வரமான தைவதத்தையும் அரை ஸ்வரம் ஏற்றினால் கௌரிமனோகரி. மெலடிக் மைனரின் ஏறுவரிசை அதுதான், இறங்கும்போது பழைய நடபைரவிக்கே திரும்பிவிடும். மூன்று வகை என்று மிரட்டுவது இந்த இரண்டு ஸ்வரங்களைத்தான்.

கர்நாடக இசை வல்லுநர்கள் பாய வேண்டாம். கமகம், அதாவது ஸ்வரங்களை அசைத்து இழைப்பது, இல்லாமல் ராகம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஸ்வர வரிசையை மட்டும்தான் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தாருக்கு மட்டும் எந்த மைனரும் ஆகாது. மாடி வீட்டில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு டிரில் போட்டால் "வேலை நடக்கிறது சார்". நான் மாலை ஆறு மணிக்கு வாசித்தால் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல் ஒரு அறிவிப்பு. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் பெயர் போட்டுத்தான் கேட்பார்கள். சரி, விடுங்கள்.

உங்களிடம் சுருதிப் பெட்டி இருக்காது. பரவாயில்லை, ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் மீட்டினாலே 'ஏ' ஸ்வரம்தான். அதை ஒலிக்க விட்டு, மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து ஸ்கேலைத் தொடங்குங்கள். ஒலி தேய்ந்தால் மறுபடி மீட்டுங்கள். மெட்ரோனோம் அப்புறம்.