பிராக் கோட்டையைச் சனிக்கிழமையே பாருங்கள்

டிரெஸ்டனிலிருந்து 14 மாணவர்கள் வெள்ளி இரவு பிராக் வந்து ஞாயிறு மாலை திரும்புகிறோம், கோட்டைக்கு ஞாயிறு காலை போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அன்று காலை கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.

ஞாயிறு விடியற்காலையைச் சார்லஸ் பாலத்துக்கு வையுங்கள். பிள்ளைகள் முணுமுணுத்தாலும் எழுப்பிவிடுங்கள்! 1357இல் கட்டத் தொடங்கிய பாலம், அரை கிலோமீட்டர் நீளம், இருபுறமும் 30 சிலைகள். பகலில் கூட்டத்தில் முட்டிமோதித்தான் நடக்க வேண்டும். விடியலில் வல்டாவா ஆற்றின் ஓசை கேட்கும். நான் ஊர் ஊராகச் சுற்றியதில் மறக்காத காலை அதுதான்.

பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள 1410ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் பொம்மைகள் மணிக்கொருமுறை வந்துபோகும். ஒருமுறை பார்த்தால் போதும்.

செக் நாட்டில் நாணயம் யூரோ அல்ல, கொருனா. டிராமுக்கான காகிதச் சீட்டை முன்பே வாங்கியிருந்தால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். எங்கள் குழுவில் இருவர் அதை மறந்து அபராதம் கட்டினார்கள். யாராவது வழி தவறினால் பழைய நகரச் சதுக்கத்தில் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் சிலையடியில் சந்திப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள்.