16 வயதில் எழுதிய பாண்டு 19 வயது ஸ்ட்ரைக்கரைக் கட்டுமா?

கேள்வி: என் மகன் கால்பந்தில் ஃபார்வர்ட். தஞ்சாவூர் அன்னை சத்யா மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவனை 2022 ஜூனில் ஒரு தனியார் அகாடமி அழைத்துக்கொண்டது. அப்போது அவனுக்கு 16 வயது நான்கு மாதம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஐந்து வருட பாண்டு எழுதினார்கள். இடையில் விலகினால் 10 லட்சம் கட்ட வேண்டும், விலகிய பிறகும் இரண்டு வருடம் வேறு எந்த கிளப்புக்கும் ஆடக் கூடாது, பின்னாளில் வேறு கிளப்புக்கு மாறும்போது வரும் டிரான்ஸ்பர் தொகையில் 30 சதவீதம் அகாடமிக்கு என்று அதில் இருக்கிறது. மகனும் நானும் கையெழுத்துப் போட்டோம். தேதியும் தொகையும் எழுதாத என் செக் ஒன்றும், மகனுடைய பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஒரிஜினல்களும் அவர்களிடம் உள்ளன. சாப்பாடு, தங்குமிடம் போக மாதம் 4,000 ரூபாய் தந்தார்கள். இப்போது கேரளத்துத் தொழில்முறை கிளப் ஒன்று மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுகிறது. அகாடமியோ என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) தர மறுக்கிறது. புது பாண்டில் கையெழுத்துப் போட்டால் பேசலாம் என்கிறது. நடுவில் ஒரு ஏஜென்ட் ஏழு வருடத்துக்கு 20 சதவீதம் கேட்கிறார். ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை அடமானம் வைத்து 10 லட்சத்தைக் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்: நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். அதைவிட அவசரம், புது பாண்டில் மகன் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்வது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 11-வது பிரிவின்படி ஒப்பந்தம் செய்ய 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் மோகோரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது; இன்றுவரை அதுதான் சட்டம். அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் செல்லும் என்று அகாடமிக்காரர்கள் சொல்வார்கள். ராஜ் ராணி என்ற சிறுமியைப் படத்தில் நடிக்க வைக்க அவருடைய தகப்பனார் செய்துகொண்ட ஒப்பந்தத்தையே பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் மகனைப் பொறுத்தவரை அந்த 20 ரூபாய்த் தாள் வெறும் தாள்தான்.

அது அகாடமிக்கும் தெரியும். புது பாண்டு கேட்பது அதனால்தான். மைனராக இருந்தபோது செய்ததை மேஜரான பிறகு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று உறுதிப்படுத்தினாலும் உயிர் வராது. ஆனால் 19 வயதில் புதிதாக எழுதித் தரும் ஒப்பந்தம் முழு உயிரோடு இருக்கும். பாண்டு எதுவுமே கோர்ட்டில் நிற்காது என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். வங்கி வேலையில் மூன்று வருடத்துக்கு முன் விலகியவர் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் 2025-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. எனவே 18 முடிந்த பிறகு ரசீது, உறுதிமொழி, ஹாஸ்டல் படிவம் என்று மகன் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று உட்கார வைத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப்பையும் பாருங்கள். ‘பணத்தை எப்படியாவது பார்த்துத் தர்றோம் சார், கொஞ்சம் டைம் குடுங்க’ என்று அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் எதிர்த் தரப்புக்குப் போதும்.

இனி உங்கள் கையெழுத்து. மகன் மைனர், நீங்கள் இல்லை. ‘மகன் விலகினால் நான் 10 லட்சம் தருவேன்’ என்று தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றிருந்தால் உங்கள் மேல் பண வழக்குப் போட அவர்களுக்கு வழி இருக்கிறது. போட்டாலும் 10 லட்சம் அப்படியே கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் தரும் (ஃபதே சந்த் வழக்கு, 1963). நஷ்டத்தை நிரூபிக்க முடியும் என்றால் நிரூபித்தாக வேண்டும். சாப்பாடு, கோச் சம்பளம், பூட்ஸ், பயணம் எல்லாவற்றுக்கும் அவர்கள் பில் வைத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

பாண்டைவிட எனக்குக் கவலை தருவது அந்த செக். நீங்களே விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் தொகையை மற்றவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும் (பீர் சிங் வழக்கு, 2019). மறுத்து நிரூபிக்க வேண்டியது நீங்கள். இன்றே அகாடமிக்குப் பதிவு, டெலிவரி ஒப்புகை வசதிகளோடு ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025-ல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது): செக் எண், வங்கிக் கிளை, 2022-ல் தொகை எழுதாமல் பிணையாக வாங்கப்பட்டது, எந்தக் கடனும் இல்லை, திருப்பித் தரவும். வங்கியிலும் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுங்கள். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டாப் பேமென்ட் என்று திரும்பிய செக்கிலும் செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவு வழக்கு வரும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த பிறகு பணம் கட்டச் சட்டம் தரும் கெடு 15 நாள்; அதற்குள் உங்கள் மறுப்பைப் பதிலாக அனுப்பிவிடுங்கள். தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பலாம் என்பது நம் பக்கத்துப் பெரிய தவறு. சரியான முகவரிக்கு வந்து மறுத்த நோட்டீஸ் கிடைத்ததாகவே கணக்கு.

இரண்டு வருடம் வேறெங்கும் ஆடக் கூடாது என்ற நிபந்தனை, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவில் அடிபடும். ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைக் கட்டிப்போடும் பிரிவு செல்லாது என்று ஜாகீர் கான் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 30 சதவீதப் பங்கும் அப்படியே: கிளப்பாக இல்லாத மூன்றாவது ஆள் வீரருடைய டிரான்ஸ்பர் தொகையில் பங்கு வைத்திருப்பதை 2015 மே மாதம் முதல் ஃபிஃபா தடை செய்திருக்கிறது.

இதுவரை சொன்னது நீதிமன்றச் சட்டம். அதில் முழுவதும் ஜெயித்தாலும் உங்கள் மகன் மைதானத்தில் இறங்கிவிட முடியாது. அவரை உண்மையில் பிடித்து வைத்திருப்பது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஐஎஃப்எஃப்) வீரர் பதிவுத் தளமான சிஆர்எஸ்-ல் இருக்கும் பதிவு. அந்தப் பதிவு எந்த கிளப்பின் பெயரில் இருக்கிறதோ அதிலிருந்து விடுபட்டால்தான் புது கிளப்பால் அவரைப் பதிவு செய்ய முடியும். அதுவும் கிளப் மாற அனுமதிக்கும் காலமான டிரான்ஸ்பர் விண்டோ மூடுவதற்குள். எனவே வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் தெரிய வேண்டியவை: மகனுடைய சிஆர்எஸ் எண், கடைசியாகப் பதிவான கிளப், அமெச்சூரா தொழில்முறையா, பதிவின் முடிவுத் தேதி. கேரள கிளப்பில் பதிவு வேலையைப் பார்க்கும் ஆளிடம் கேட்டு ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். பல பயிற்சி மையங்கள் மாநிலச் சங்கத்தில் சேர்ந்தே இருப்பதில்லை. வீரர்களை வேறொரு கிளப்பின் பெயரில் பதிந்திருப்பார்கள். அப்படியானால் என்ஓசி தர வேண்டியவர் நீங்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும் ஆளே இல்லை.

அமெச்சூர் என்று இருந்தால் வேலை சுலபம். எழுத்து ஒப்பந்தமும், ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமான ஊதியமும் இருந்தால்தான் ஃபிஃபா விதிப்படி தொழில்முறை வீரர். மாதம் 4,000 பஸ்ஸுக்கும் பூட்ஸுக்குமே சரியாகப் போயிருக்கும். ஒருவேளை தொழில்முறை என்றே பதிந்திருந்தாலும், 18 வயதுக்குக் கீழே உள்ளவரோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கூடாது. மிச்சக் காலத்தைக் கால்பந்து அமைப்புகள் கணக்கில் எடுக்காது. 2022 ஜூனிலிருந்து எண்ணினால் 2025 ஜூனோடு தீர்ந்தது.

அகாடமிக்கும், சிஆர்எஸ்-ல் உள்ள கிளப் வேறென்றால் அதற்கும், மகன் பெயரிலேயே ஒரு கடிதம் போகட்டும். மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் இப்படி எழுதினால் போதும்:

‘எனது சிஆர்எஸ் எண் ____. 2022 ஜூனில் நான் மைனராக இருந்தபோது எழுதப்பட்ட ஆவணம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-வது பிரிவின்படி செல்லாது. 18 வயதுக்குப் பின் தங்களோடு நான் எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. என் பதிவை விடுவிக்கும் என்ஓசியையும் என் அசல் சான்றிதழ்களையும் 7 நாளுக்குள் தர வேண்டுகிறேன். தங்களுக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை உரியது என்றால் விதிப்படி புதிய கிளப்பிடம் எழுத்து மூலம் கோரலாம்.’

கடைசி வரி முக்கியம். மூன்று வருடம் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 12 வயது முதல் 21 வரை பயிற்சி தந்த கிளப்புக்கு ஈட்டுத்தொகை என்ற ஏற்பாடு கால்பந்திலேயே இருக்கிறது. அதைத் தர வேண்டியது வீரரைச் சேர்க்கும் புதிய கிளப்; வீரரோ அவர் அப்பாவோ அல்ல. முறைப்படி பதிவான கிளப்பாக இருந்தால்தான் கேட்கவும் முடியும்.

7 நாளில் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு கால்பந்து சங்கத்துக்கும், அங்கிருந்து ஏஐஎஃப்எஃப் வீரர் தகுதிக் குழுவுக்கும் மனு. புது கிளப்பும் உடன் நின்றால் வேகம் கூடும். பதிவு விடுபடும் முன்பே ரயிலேறிப் போய் ஆட ஆரம்பித்துவிட வேண்டாம். 2024-ல் டிஃபெண்டர் அன்வர் அலி மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது வீரர் தகுதிக் குழு 4 மாதத் தடையும் 12.90 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அவருடையது உயிரோடிருந்த ஒப்பந்தம், உங்கள் மகனுடையது வேறு. ஆனாலும் விசாரணை முடியும் வரை 19 வயதுப் பையன் பெஞ்சில்கூட உட்கார முடியாது.

சான்றிதழ்களுக்காகக் காத்திருக்காதீர்கள். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்கலாம். மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் எடுக்கலாம். ஒரிஜினலுக்காகக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். ‘இது சிவில் மேட்டர்’ என்று சொல்லக்கூடும். ஆனாலும் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனாலே பல அகாடமிகள் பீரோவைத் திறந்துவிடும். திறக்காவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு போடுங்கள். இலவச உதவிக்கு 15100. நகல் வந்ததும் வயதைச் சரிபாருங்கள். ஜூனியர் அணிக்காக அகாடமி பிறந்த தேதியை மாற்றியிருந்தால் பாண்டைவிடப் பெரிய வம்பு அது. உடனே ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் சிக்கலும் உண்டு: ஆதாரில் ‘ஆர்.’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, சிஆர்எஸ்-ல் இனிஷியலே இல்லை என்றால் பதிவு அங்கேயே நிற்கும். மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

புது ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை மூன்று வருடம் சரியான அளவுதான். மாதச் சம்பளம் எண்ணிலும் எழுத்திலும், எந்தத் தேதிக்குள் என்பதும் இருக்கட்டும். ‘கிளப் விரும்பினால் மேலும் இரண்டு வருடம்’ என்ற ஒருதலை நீட்டிப்பை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் நீட்டிக்கும்போது சம்பளம் எவ்வளவு ஏறும் என்று தொகையாக எழுதச் சொல்லுங்கள். ஃபார்வர்டுக்கு கோல் போனஸ் வரும். எந்தெந்தப் போட்டிகளின் கோல், பெனால்டி சேருமா, மாற்று ஆளாக 80-வது நிமிடம் இறங்கினால் அது ஒரு மேட்ச்சாக எண்ணப்படுமா என்பதெல்லாம் எழுத்தில் இல்லையென்றால் சீசன் கடைசியில் அந்தப் பணம் வராது. முன்வரிசையில் வெளிநாட்டு வீரர்களை நிறுத்துவதே நம் கிளப்புகளின் பழக்கம் என்பதால், இளம் இந்திய ஸ்ட்ரைக்கரை லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்புவது சகஜம். அப்போது சம்பளக் குறைவை யார் ஈடுகட்டுவது என்ற வரி வேண்டும். முழங்கால் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சையும் மறுபயிற்சியும் சேர்ந்து ஒரு சீசனே போய்விடும். அந்த மாதங்களின் சம்பளமும் மருத்துவச் செலவும் கிளப்புடையது என்று இருக்க வேண்டும். பயிற்சி ஈட்டுத்தொகையை வீரர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகே கையெழுத்து. பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையை ஃபிஃபா விதி ஏற்பதில்லை. பின்னால் இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அதற்கும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு விலகலாம். கெடு கொடுக்காமல் கோபித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டால் தப்பு அவர் மேல் திரும்பும்.

அந்த ஏஜென்டிடம் ஃபிஃபா உரிம எண் கேளுங்கள். உரிமம் தேர்வு எழுதித் தனி ஆள் பெறுவது. ‘எங்கள் கம்பெனிக்கு இருக்கிறது’ என்றால் நம்ப வேண்டாம். வீரரோடு பிரதிநிதி ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தானாகப் புதுப்பிக்கும் பிரிவும் செல்லாது. ஏழு வருடம் கேட்கிறவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். கிளப் நேரடியாகவே மகனைக் கூப்பிட்டிருக்கிறது. அவருக்கு என்ன வேலைக்கு 20 சதவீதம்?

பாண்டின் நகல், மகன் கைப்பட எழுதிய எல்லாக் காகிதமும், செக் புத்தகத்தின் அடிக்கட்டை, அந்த சிஆர்எஸ் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு வக்கீலைப் பாருங்கள். செக் சம்பந்தப்பட்ட தபாலை மட்டும் அதற்குக்கூடக் காத்திருக்காமல் இன்றே போட்டுவிடுங்கள்.